பதினொரு பெயர்களுக்குச் சிவப்பு

பதினொரு பெயர்களுக்கும் சிவப்பு, மற்றதற்கெல்லாம் கறுப்பு என்று தொழிற்பேட்டைச் சங்கச் செயலாளர் கோதண்டராமன் சொல்லியிருந்தார்.

பெயர்ப்பலகைக் கடையில் வண்ணம் தீட்டும் முத்துச்செல்வி ஒன்பதாவது பெயரில் இருந்தாள்.

பித்தளையில் இயந்திரம் வெட்டிய பள்ளத்துக்குள் பெயிண்டை விட்டு, பாதி காய்ந்ததும் வெளியே வழிந்ததை, பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அவசரப்பட்டுத் துடைத்தால் பெயருக்குரிய பெரிய மனிதரே துணியோடு வந்துவிடுவார்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்களுக்கான குழந்தைகள் காப்பகம். இதற்கு அவள் வண்ணம் தீட்டும் மூன்றாவது பலகை இது.

முதலாவது அடிக்கல் நாட்டு விழாவுக்கு. நாட்டினார்கள். கல் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது.

இரண்டாவது திறப்பு விழாவுக்கு. கூரையும் கதவும் இல்லாத நான்கு சுவருக்குத் திரைச்சீலை கட்டி, அதை விலக்கிக் கைதட்டினார்கள். அதன் பிறகு அங்கே தவறாமல் வந்துபோனவை ஆடுகள்.

அந்தப் பலகையை நம்பித்தான் முத்துச்செல்வி சங்கரன்கோவிலுக்குப் போன் செய்தாள். மாமியாரிடம் வளரும் மகளை இனி இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று ரயில் டிக்கெட்டும் எடுத்தாள். பிறகு ரத்து செய்தாள்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. அம்மா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டுகிறாள்.

இப்போது இரண்டாவது திறப்பு விழா; இந்த முறை முத்துச்செல்வி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மதியம் கோதண்டராமனே கடைக்கு வந்துவிட்டார். பலகையில் ஏழாவதாக இருந்த தன் பெயரை விரலால் அளந்து பார்த்தார்.

"இன்னாம்மா, என் பேரு இவ்ளோ ஒல்லியா கீது? மேல 'குழந்தைகள் காப்பகம்'னு அம்மாம் பெருசா எதுக்கு? கொயந்தைங்கதானே, சின்ன எழுத்துல போட்டா ஆவாதா?"

"வெட்டியாச்சு சார். அடுத்த திறப்பு விழாவுல உங்க பேரைப் பெருசாப் போட்டுருவோம்."

கடைக்காரர் அந்தோணிராஜ் அவசரமாக இருமினார். செயலாளர் திருப்தியோடு தலையாட்டினார்.

கிளம்பியவர், ஏதோ ஞாபகம் வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். "இது வேற. அங்க காப்பகத்துல வேலைக்கு வந்த ஆயா ஒண்ணு ரெண்டு நாளா இந்த போர்டு கேட்டு தொல்லை பண்ணிகினு கீது. பித்தளையெல்லாம் வேணாம், பிளாஸ்டிக்லயே போடு. விழா முடிஞ்சப்புறம் குடுத்தாக்கூடப் போதும்."

அவர் போனதும் முத்துச்செல்வி தாளைப் பிரித்தாள். பேனாவால் யாரோ கிறுக்கலாக எழுதியிருந்தார்கள்.

'பால் பாட்டிலில் பிள்ளை பெயர் எழுதி விடவும். மதியம் ஒன்று முதல் மூன்று வரை தூங்கும் நேரம். கதவைத் தட்டாதீர்கள்.'

கதவு என்ற சொல்லை அவள் மறுபடியும் படித்தாள்; போன திறப்பு விழாவில் அது இல்லை.

பிறகு தூரிகையைத் தின்னரில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"அத்தே, பாப்பா துணியெல்லாம் எடுத்து வைங்க. ஞாயித்துக்கெழம வாறேன்."

"ஏட்டி, போன தடவையும் இதத்தான சொன்ன. இப்ப எந்தப் பெரிய மனுசன் வந்து தெறக்கான்?"

"அவுக வரும்போது வரட்டும் அத்தே. ஆயா வந்தாச்சு."

போனை வைத்துவிட்டு, ஆயா கேட்ட பலகைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை அளந்து வெட்டக் கொடுத்தாள்.

ஒன்பதாவது பெரிய மனிதர் தலைப்பெழுத்து மட்டும் சிவந்து, மீதிக்குக் காத்திருந்தார்.