டின்னில் வந்த விருந்து

“டின்னையெல்லாம் எங்கப்பா ஒளிச்சு வச்சீங்க?”

“உன் அலமாரியில, சேலைக்குப் பின்னால. குப்பைத் தொட்டியில போட்டா அவங்க கண்ணுல பட்டுரும் லா!”

ரூபினி தலையில் அடித்துக்கொண்டாள். அதைக் கவனிக்கப் புவனேஸ்வரனுக்கு ஏது நேரம்? ஓர் அடுப்பில் சார்டின் மீன் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் கடையில் வாங்கி ஃப்ரீசரில் போட்டிருந்த பரோட்டா, கருகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. “என்கூட வேலை செய்யற குகனும் அவங்கம்மாவும் சாயந்தரம் வீட்டுக்கு வர்றாங்கப்பா. கல்யாண விஷயமா” என்று மகள் வாயைத் திறந்ததே மத்தியானத்துக்குப் பிறகுதான். அதற்குள் ஜெலுத்தோங் பாசாரில் மீன்காரர்கள் கடையைக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்ததெல்லாம் சார்டின் டின், பீன்ஸ் டின், லோங்கான் பழ டின். மனைவி இறந்த பிறகு அப்பாவும் மகளும் இவற்றை நம்பித்தான் காலத்தை ஓட்டினார்கள்.

கல்யாணம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் ரூபினி. “நான் போயிட்டா நீங்க டின்னும் கையுமா தனியா உக்காந்திருப்பீங்க” என்பாள். அப்படிப்பட்டவள் இன்று தானாகவே பத்து காவான் ஊரில் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஒரு சார்டின் டின்னால் இந்தச் சம்பந்தம் கைநழுவிப் போனால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்று அவருக்குப் பட்டது.

“இங்க பாரு, எல்லாம் நீ சமைச்சதுன்னுதான் சொல்லப் போறேன்.”

“அப்பா, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க...”

“ஒன்னும் சொல்ல வேணாம். நீ வாயைத் திறந்தாலே காரியம் கெட்டுரும்!”

அதற்குள் வாசலில் மணி அடித்தது.

குகன் நல்ல வாட்டசாட்டமான பையன். அவனுடைய அம்மா ஜெகதீஸ்வரி, கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பின் மகனை ஒற்றை ஆளாக வளர்த்து ஆளாக்கியவர்.

“வணக்கம் மிஸ்டர் புவனேஸ்வரன்” என்றார் அவர். வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று இவருக்கு லேசாக உறுத்தியது. ஆபீஸில் இருந்தவர்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

உட்கார்ந்ததும் அந்த அம்மாள் கேள்விகளை ஆரம்பித்தார். பிரஷர் இருக்கா, சக்கரை இருக்கா, ராத்திரி நல்லா தூக்கம் வருமா என்று எல்லாக் கேள்வியும் இவரைப் பார்த்துத்தான். பரம்பரை நோய் ஏதாவது பெண்ணுக்கு வருமோ என்று தோண்டுகிறார், கெட்டிக்காரச் சம்பந்தி என்று புவனேஸ்வரன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தியும் உட்கார்ந்தார்.

சாப்பாடு வந்தது. ஜெகதீஸ்வரி பரோட்டாவைப் பிய்த்து சார்டினில் தோய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். பிறகு கூச்சமில்லாமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

“யாரு சமைச்சது?”

“வேற யாரு, எல்லாம் நம்ம ரூபினிதான்!”

குகனுக்குப் புரையேறியது. “இவங்களா? ஃபேக்டரியில கப் நூடுல்ஸ்ல பச்சத் தண்ணிய ஊத்திட்டு, ஏன் வேகலன்னு கேட்டவங்களாச்சே!”

ஜெகதீஸ்வரி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு இவரை நேராகப் பார்த்தார். “இது எனக்கு ரொம்ப முக்கியம். உண்மையைச் சொல்லுங்க. யாரு சமைச்சது?”

அவ்வளவுதான், புவனேஸ்வரனின் வீராப்பெல்லாம் கரைந்துவிட்டது.

“நான்தாங்க. அதுவும் டின்னுதான். வெங்காயம், பச்சை மிளகாய வதக்கி, கொஞ்சம் புளித்தண்ணிய விட்டு ஒப்பேத்தினேன். அவளுக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது. ஆனா தங்கமான பொண்ணுங்க. இந்தச் சமையலுக்காக வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க. வேணும்னா தினமும் நானே ஃபெர்ரி ஏறி வந்து, உங்க வீட்டுல சமைச்சு வச்சுட்டுப் போறேன்.”

ஜெகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய முகம் சிவந்திருந்தது. கோபம்தான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

“தினமும் வந்து போறதெல்லாம் எதுக்கு? எனக்குச் சம்மதம்தான்” என்றார் ஜெகதீஸ்வரி, தட்டைப் பார்த்தபடியே.

புவனேஸ்வரன் கரண்டியும் கையுமாகத் துள்ளி எழுந்தார். “அப்படின்னா தம்பிக்கு நம்ம பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தமா?”

குகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ரூபினி எழுந்து வந்து, அப்பாவின் தோளைப் பிடித்து மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“அப்பா, இவங்க பொண்ணு பார்க்க வரல. மாப்பிள்ளை பார்க்க வந்திருக்காங்க.”