மூன்று மாடிக்கு ஏற்ற வண்டி

கடையின் வெள்ளை வெளிச்சத்தில் குழந்தை வண்டிகள் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. எட்டு மாத வயிற்றோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அவள், கணவனின் கைகளையே கவனித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வண்டியை மடக்குகிறான், டக்கென்று பூட்டிக்கொள்கிறது. ஒரு கையால் தூக்கி, மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கிறான். "இதை வயசானவங்க தனியா தூக்கிட்டு மூணு மாடி ஏற முடியுமா?" என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்கிறான். "தாராளமா சார். ஆறு கிலோதான்." அவளுக்குச் சுருக்கென்கிறது. அவர்கள் குடியிருப்பது தரைத்தளம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இருப்பது மாமியார். அங்கே போகப் பஸ்ஸில் ஆறு மணி நேரம் ஆகும். போன வாரம் இவள் அறைக்குள் நுழைந்ததும் அவன் அவசரமாக முடித்த போன் பேச்சு நினைவுக்கு வருகிறது. "அவ பிரசவ லீவு முடியட்டும்மா, மெதுவா சொல்லிக்கலாம்."

"யாருங்க அந்த வயசானவங்க?"

அவன் திரும்பவில்லை. சக்கரத்தை விரலால் சுண்டிவிடுகிறான்; அது சத்தமில்லாமல் சுழல்கிறது. "சும்மா கேட்டு வச்சேன்." ஏசி குளிரிலும் அவன் பிடரி வேர்த்திருக்கிறது.

அவள் இடுப்பில் கையை ஊன்றி எழுந்து, மூலையில் நிற்கும் தடித்த சக்கர வண்டியின் கைப்பிடியைப் பற்றுகிறாள். "இது என்ன கனம் இருக்கும்மா?"

"பதினாறு கிலோ மேடம். மாடிப்படிக்கெல்லாம் ஒத்துவராது."

"அப்ப இதுக்கே பில் போட்டுடு" என்கிறாள், கணவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.