பாக்கியசீலன் வண்டி

ரோட்டிலிருந்து ஒர்க்ஷாப்புக்குள் ஸ்டியரிங்கை ஒடித்ததும், கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி வண்டி கத்தியது. எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய குவாலிஸ். இறங்கியவர் பாக்கியசீலன்.

பூதத்தான் கையிலிருந்த ஸ்பேனர் நழுவப் பார்த்தது. பாளையங்கோட்டையில் வண்டியைத் தூக்கி நிறுத்த ஆறு லிஃப்ட் போட்டு ஒர்க்ஷாப் நடத்துகிற மனுஷன், தன் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு முக்கூடலில் இந்தத் தகரக் கொட்டகைக்கு எதற்கு வரவேண்டும்?

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் அம்பாசமுத்திரத்தில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். ஒரு வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே, சத்தத்தை வைத்து, மூன்றாவது இஞ்செக்டர் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார் பாக்கியசீலன். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். பிரித்துப் பார்ப்பதும் சரிசெய்வதும் பூதத்தான். பேர் என்னவோ அந்தக் காதுக்குத்தான்.

இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை. பூதத்தான் முதுகு ஒடிய வேலை பார்த்துக் கொடுத்த வண்டியைக்கூட, எதுக்கும் பாக்கியம் அண்ணாச்சிட்ட ஒருதடவை காட்டிட்டு வந்திருதேன் என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பொறாமைதான். அதை அவன் ஒளித்ததும் இல்லை. பாளையங்கோட்டை என்றாலே முகம் சுண்டிப்போகுது என்று பெண்டாட்டியே கேலி பண்ணுவாள். அந்த ஆள் வாயால் ஒரே ஒரு நல்ல வார்த்தை வந்துவிட்டால் போதும், இந்தக் கடுப்பு தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்வான். இத்தனை வருஷத்தில் வரவில்லை.

வாங்க அண்ணாச்சி என்று பின்னாலிருந்து கூப்பிட்டான். பாக்கியசீலன் திரும்பவில்லை. நிதானமாக பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் இவன் பக்கம் பார்த்தார்.

பணத் திமிர் என்று நினைத்துக்கொண்டான் பூதத்தான்.

மகள் எப்சி சொன்னாளாம், திருப்பும்போதெல்லாம் வண்டி கத்துகிறது என்று. இரண்டு தடவை பெல்ட் மாற்றியாயிற்றாம். நீர்தான் பார்க்கவேண்டும் என்றார்.

ஊரில் உள்ள வண்டிகளின் நோயையெல்லாம் காதாலேயே சொல்லுகிறவருக்குத் தன் வண்டி நோயை மகள் வந்து சொல்லவேண்டுமா? சோதிக்க வந்திருக்கிறார். தப்பாகச் சொன்னால் ஊர் பூரா சொல்லிச் சிரிக்கலாம் அல்லவா.

பூதத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். பெல்ட் புதுசு. பவர் ஸ்டியரிங் பம்ப்பைச் சுற்றிக் கருப்பாக ரப்பர்த் தூள். பெல்ட்டைக் கழற்றி, அது ஓடுகிற புல்லிச் சக்கரத்தின் பள்ளத்தில் டார்ச் அடித்தான். பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னியது.

பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கத்தையும் கவ்வித்தான் ஓடவேண்டும். பக்கங்கள் தேய்ந்து, பெல்ட் அடியில் போய் உட்கார்ந்து வழுக்கியிருக்கிறது. புல்லி இப்படி இருந்தால் ஆயிரம் பெல்ட் மாற்றினாலும் கத்தத்தான் செய்யும்.

ஆறு லிஃப்ட் வைத்திருந்து என்ன பிரயோஜனம்? அவனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பாக்கியசீலன் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

வண்ணார்பேட்டை ஸ்பேர்ஸ் கடைக்குப் போனில் சொன்னதும், மத்தியான பஸ்ஸில் கண்டக்டர் கையில் புதுப் புல்லி வந்து சேர்ந்தது. பழையதை இழுத்து எடுத்தான். புதுசை மாட்டினான். பக்கத்தில் அவர் நின்று பார்க்கிறார் என்ற நினைப்பிலேயே கை பரபரத்தது.

பாக்கியசீலன் ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். ஸ்டியரிங்கை ஒடித்தார்.

கத்தியது. முன்னைவிட மோசமாக.

பூதத்தானுக்கு உடம்பே கூசிவிட்டது. பெல்ட்டை இறுக்குகிற போல்ட்டைப் பாதியில் விட்டிருக்கிறான். நேற்று தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு. அதுவும் இந்த ஆள் முன்னால்.

பாக்கியசீலன் ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினார். பெல்ட் வீறிட்டது. அவர் முகம் மலர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கத்தல் நின்னுட்டு வே. சத்தமே இல்ல. என் பட்டறையில ஒருத்தனுக்கும் இது வராது. உம்ம கை கைதான்."

இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அந்த இரைச்சலில் அது பூதத்தானுக்கு மட்டும்தான் கேட்டது.

அவன் அவர் கண்ணையே பார்த்தான். அவர் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். என்ன வே, கொண்டுவந்ததைவிட ஜாஸ்தியால்ல கத்துது என்றார் சிரித்துக்கொண்டு. பாக்கியசீலன் டீக்கடைக்காரர் உதட்டைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே வெளுத்துப்போனது. ஸ்டியரிங்கிலிருந்து கை நழுவி மடியில் விழுந்தது.

பூதத்தான் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொழுது சாய்வதற்குள், காது போன சேதி பாளையங்கோட்டை வரைக்கும் போய்விடும். அப்புறம் அந்தக் காதைப் பற்றி எவனும் பேசமாட்டான்.

வண்டியை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"என் தப்புதான். பெல்ட்ட இறுக்காம விட்டுட்டேன். உக்காந்த இடத்துல இருந்தே கேட்டுச் சொல்லிட்டாரு அண்ணாச்சி."

போல்ட்டை இறுக்கினான். குவாலிஸ் சத்தம் காட்டாமல் ரோட்டில் திரும்பிப் போனது.

ஆயிரம் இருந்தாலும் அந்தக் காது யாருக்கு வரும் வே என்று சொல்லிக்கொண்டே டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டினார்.

பூதத்தானுக்கு வழக்கம்போல வயிறு எரிந்தது.