தெரிந்த முகம்

பக்கத்து முகாமில் அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராணுவ உடையில் வந்தவர்களைத் தங்கள் ஆட்கள் என்று நம்பிக் கதவைத் திறந்துவிட்டவன், சுடலைமணியோடு பயிற்சி பெற்றவன். முதல் குண்டு அவனுக்குத்தான். அதன்பிறகு முகத்தைப் பார்த்து யாரையும் உள்ளே விடக் கூடாது, அடையாள அட்டை வேண்டும் என்று எல்லா முகாம்களுக்கும் உத்தரவு வந்தது.

அன்று தங்கள் முகாமின் குடியிருப்பு வாசலில் சுடலைமணிக்குக் காவல். தூங்கும் குழந்தையை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டு, எதிர்க்கடைக்குப் பால் வாங்க ஓடிய அவன் மனைவி பேச்சியம்மாள் திரும்பி வந்தாள்.

"அட்டைய எடு."

"வீட்டுல கெடக்கு. கதவத் தொறங்க, பிள்ள முழிச்சிரும்."

"அட்டை இல்லாம விட முடியாது."

"காலைல சட்டினில உப்பு இல்லன்னு என்னையத்தான ஏசுனிய? அப்ப தெரிஞ்ச மூஞ்சி இப்ப தெரியலயா?"

உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. "எந்த மடையன் போட்ட சட்டமோ!" என்று பேச்சியம்மாள் வீட்டுச் சாவியைக் கதவுக் கம்பி வழியே உள்ளே வீசினாள். கூடக் காவலுக்கு நின்ற பிஜு அதை எடுத்துக்கொண்டு ஓடி, அட்டையோடும் அலறும் குழந்தையோடும் திரும்பி வந்தான்.

சுடலைமணி அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"இன்னும் என்ன?" என்று கத்த வாயெடுத்தவள், அட்டையைப் பிடித்திருந்த அவன் விரல்கள் நடுங்குவதைக் கண்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, அவன் பார்த்து முடிக்கட்டும் என்று முகத்தை நிமிர்த்தி நின்றாள்.