வெறும் வாளி

கூரை மூலையில் வெள்ளைக்காரத் துரை தன் கையாலேயே தீக்குச்சியை வைத்தார்.

தென்னோலைக் கிடுகு காய்ந்து கிடந்தது. சோளகக் காற்று வேறு. உடனே பற்றிக்கொண்டது.

எரிந்தது என் பள்ளிக்கூடம். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் இருக்க விடாத பிள்ளைகளுக்காக நான் நடத்திய கொட்டில். பழையது, எப்படியும் கூரை மேய வேண்டியது, தீயணைப்பு ஒத்திகைக்கு அதுவே போதும் என்று ஊர் அதிகாரி விதானையார்தான் துரைக்குக் காட்டிக் கொடுத்தார். அந்தக் கொட்டில் நெடுநாளாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. கூரை முழுதாகப் போனால் திருப்பி மேய ஒரு கிடுகும் அவர் தரமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

தெரிந்தும் சம்மதித்தேன். துரை சொன்ன முறை அப்படி. கிணற்றிலிருந்து கொட்டில் வரை ஊரே ஒரே வரிசையாக நிற்கும். வாளி கைமாறி வரும். கைக்குக் கை.

எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அதைப் பார்க்க ஒரு கூரை மூலையைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பான்காரன் குண்டு போட்ட வருசம் அது. துரை, லண்டன் எரிந்தபோது தீயணைத்தவர். அங்கே கற்றதை மதராசில் சொல்லிக்கொடுத்துவிட்டு, லொறி நிறைய வாளியோடு சாவகச்சேரி தாண்டி எங்களிடம் வந்திருந்தார். இங்கே கற்பதை இன்னொரு தேசத்துக்குக் கொண்டுபோவாராம். நெருப்புக்குத் தேசம் கிடையாது என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். ஊரில் இங்கிலீசு படித்த ஆண்களெல்லாம் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போய் யப்பான்காரனிடம் அகப்பட்டிருந்தார்கள். மிஞ்சிய ஒரே பி.ஏ. நான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் நானே.

துரைக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. எனக்கு இளநீர், கோப்பையில் ஊற்றாமல் வெட்டிய கோம்பையோடு. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று பிடிபடாமல், விதானையார் கூப்பிடாமலே கதைத்தார்.

துரை விசில் ஊதினார்.

முதல் வாளிகள் நன்றாகத்தான் வந்தன. கிணற்றடியில் கந்தப்பு துலாவால் அள்ளி அள்ளி ஊற்றினார். யப்பான்காரன் வந்தால் அவனுக்கும் ஒரு வாளி கொடுப்போம் என்று பகிடி வேறு. பாதி வரிசை கிணற்றுப் பக்கத்து ஆட்கள். மீதிப் பாதி குடிசைப் பக்கத்து ஆட்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒரு இடைவெளி. அங்கே பரமலிங்கம் வாளியை நிலத்தில் வைத்துக் கையை எடுப்பார். அவர் கையை எடுத்த பிறகு தங்கமுத்து தூக்குவாள்.

கைக்குக் கை இல்லை. சரி, தண்ணீராவது வருகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெறும் வாளி திரும்பும்போதுதான் விசயம் வெளித்தது.

தங்கமுத்து நிலத்தில் வைத்த வாளியை எடுக்க ஆள் இல்லை. ஒன்று கிடந்தது. இரண்டு கிடந்தது. பிறகு ஒரு குவியல். கிணற்றடியில் தண்ணீர் இருந்தது, ஊற்ற வாளி இல்லை. கந்தப்பு துலாக் கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றார். நெருப்பு முகட்டுக்கு ஏறியது.

"நயினார், வெறும் வாளிதானே, எடுங்கோ," என்றாள் தங்கமுத்து. "நெருப்புக்கு நிண்டு பாக்கத் தெரியாது."

பரமலிங்கம் மடியில் வெற்றிலையைத் தேடினார்.

ஏன் நின்றுவிட்டார்கள் என்று துரை கத்தினார். விதானையார் என் முகத்தைப் பாராமலே சொன்னார்: "இருக்கிற வாளி காணாது எண்டு துரைக்குச் சொல்லு."

நான் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்துக் கை பட்ட வாளி அந்தக் கிணற்றடிக்குத் திரும்பாது, காரணம் சாதி என்று பச்சையாகச் சொன்னேன். லண்டனில் எரிவது யார் வீடு என்று கேட்டுவிட்டா அணைத்தீர்கள் என்றும் கேட்டேன். துரைக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. கொஞ்சம் யோசித்தார். இவ்வளவுதானா என்பதுபோலத் தலையாட்டினார்.

லொறியில் பெயின்ற் இருந்தது. விளக்கணைத்த இருட்டடிப்பு இரவுகளுக்காக வீதி மரங்களில் பூச வெள்ளை. மணல் வாளிகளில் பூசச் சிவப்பு. கிணற்றுப் பக்கத்து வாளிகளின் பிடிக்கு வெள்ளை அடித்தார்கள், குடிசைப் பக்கத்து வாளிகளின் பிடிக்குச் சிவப்பு. இடைவெளியில் வெள்ளையிலிருந்து சிவப்புக்குத் தண்ணீரை ஊற்ற வேண்டும். அவரவர் வாளி அவரவரிடமே திரும்பிவிடும்.

பெயின்ற் அடித்து முடிவதற்குள் முகடு இடிந்து உள்ளே விழுந்தது.

மறுபடி விசில். இந்த முறை ஒரு தடங்கலும் இல்லை. இதை முதலே செய்திருக்கலாமே என்று சிரித்துக்கொண்டே பரமலிங்கம் ஊற்றினார். என் பள்ளிக்கூடத்தின் சாம்பலை ஊரே சேர்ந்து மிக ஒழுங்காக அணைத்தது.

கைதட்டினார்கள். இந்த முறையை மதராசுக்கும் எழுதப்போவதாகத் துரை சொன்னார். அங்கும் உதவுமாம். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

பெயின்ற் காயவில்லை. கிணற்றுப் பக்கத்துக் கைகளெல்லாம் வெள்ளை. குடிசைப் பக்கத்துக் கைகளெல்லாம் சிவப்பு.

என் கையில் ஒன்றும் இல்லை. துரை அதைக் கவனித்தார். இன்னொரு தடவை செய்வோம், இந்த முறை மொழிபெயர்க்கிறவரும் வரிசையில் நிற்க வேண்டும் என்றார். இரண்டு வாளிகளைத் தூக்கிப் பிடித்து, இதில் எது உன்னுடையது என்று கேட்டார்.

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. என்னைப் பார்த்து எது என் வாளி என்று சொல்லத் தெரியாத ஒரே ஆள் அந்த வெளியில் அவர்தான்.

விதானையார் நிலத்தைப் பார்த்தார்.

நான் துரையின் கையிலிருந்த எதையும் வாங்கவில்லை. நேரே போய்த் தங்கமுத்துவின் வாளியைப் பிடித்தேன். அவள் பிடியை விடவில்லை.

"விடு பிள்ளை. படிச்ச கை, சிவப்புப் பட்டிடும்," என்றாள் அம்மா.