ஒட்டிக்கொண்ட ரிலே

பழைய காரின் பெட்ரோல் பம்பை ஓடவிடும் ரிலே சுவிட்ச் கெட்டதும், ஹாரனின் நல்ல ரிலேயைப் பிடுங்கி அதற்குப் போட்டுவிட்டு, கெட்டதை உப்புத்தாளால் தேய்த்து ஹாரனுக்கு மாட்டியது தங்கதுரையின் சொந்த மூளை. கேட்கும்போதெல்லாம் சிரித்தே மழுப்பும் ஜெபமலரிடம் இன்று பதில் வாங்கிவிடுவதென்று வந்தவன், அவள் வாசலில் லேசாகத்தான் ஹாரனைத் தொட்டான். ரிலே ஒட்டிக்கொண்டது. அலறல் நிற்கவேயில்லை, தெருவே திரண்டுவிட்டது.

"ஆம்புலன்ஸா ஓட்டுதீரு வே?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ஜெபமலர் ஓடிவந்து பானெட்டைத் திறந்து கைவிட்டு, ஒவ்வொரு ரிலேயாகத் தொட்டுப் பார்த்தாள். இனி எப்போது கேட்பது? அவள் காதருகே தொண்டை கிழியக் கத்தினான். கையைச் சுட்ட ரிலேயைத் துப்பட்டாவால் பிடித்து அவள் உருவ, அலறல் நின்ற அதே நொடியில், "என்னையக் கட்டிக்கிடுவியா?" என்பது மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.

அவள் சிரிக்கவில்லை.

"கட்டிக்கிடுதேன். பின்னால எங்கப்பா நிக்காரு. அவர்ட்டயும் இதே சத்தத்துல கேளுங்க."