உதிராத உருண்டை

நேற்றைய மழைக்கு ஓரவஞ்சனை தெரியாது. இரண்டு வயலிலும் ஒரே மாதிரிதான் பெய்தது. வரப்போரம் டிராக்டர் உறுமிக்கொண்டு நிற்கிறது. இன்றைக்கு உழாவிட்டால் விதைப்பு தள்ளிப்போகும். உழவுக்குப் பதமா என்று பார்க்க, கொழுந்தன் தன் வயல் மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் அமுக்குகிறான். உருண்டை நசுங்கி விரலோடு ஒட்டிக்கொள்கிறது. "இதுல கலப்பைய இறக்கினா செங்கல்தான் அறுக்கலாம்" என்கிறார் டிரைவர். பக்கத்து வயலில் அண்ணி. வருஷாவருஷம் இலைதழையும் சாணமும் கொட்டி, கொழுந்தன் வாயால் குப்பைக்காரி என்று பட்டம் வாங்கியவள். அவள் அமுக்கிய கறுத்த உருண்டை ஈரம் மாறாமலே பொலபொலவென்று உதிர்கிறது. டிராக்டர் அந்தப் பக்கம் திரும்புகிறது. கலப்பைக்குப் பின்னால் மண் முரண்டு பிடிக்காமல் புரண்டு, வெயிலில் மினுங்குகிறது. கொழுந்தன் கையிலிருப்பதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறான்.

"அண்ணி, குப்பை ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"உனக்கு இல்லாத குப்பையா, தம்பி!"